பழைய அரியர்

ஞானதுரை சார் தொண்டையைச் செருமுவதற்குள் வடிவு முதல் வரியைத் தட்டி முடித்துவிட்டாள். பாடத்திட்டக் குழுக் கூட்டம் இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு முதல்வர் தலைமையில் தொடங்கியது. அவர் இனிமேல்தான் வாயைத் திறக்கப்போகிறார். திறந்தால் எல்லோரையும் வரவேற்பார், வரவேற்றுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், துடைத்தபடியே 'நம்ம பிள்ளைங்க' என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தார். வடிவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தூத்துக்குடியில் இந்தச் சமுதாயக் கல்லூரி அலுவலகத்தில் பதினோரு வருஷமாக அவள்தான் எல்லாக் கூட்டத்துக்கும் குறிப்பெழுதுகிறவள். யார் எதைச் சொல்வார்கள் என்பது அவள் விரலுக்குத் தெரியும். சொன்னதில் எது தாளில் ஏற வேண்டும், எது அப்படியே காற்றில் போக வேண்டும் என்பதும் தெரியும். தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏசி மெக்கானிக் படிக்கிற பிள்ளைகள் வாரம் ஒருமுறை அதைக் கழற்றி மாட்டித்தான் தொழில் பழகுகிறார்கள், அதனால் அதற்கு வாரத்துக்கு ஒரு குணம். இந்த வாரம் நல்ல குணம். ஜன்னலுக்கு வெளியே உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற வெயில் கண்ணாடியில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. மேஜையைச் சுற்றி நாலு பேர். ஞானதுரை சார், முதல்வர். அவருக்கு வலப்பக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து நிபுணராக வந்திருக்கும் முனைவர் காந்திமதிநாதன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எதிரே மருத்துவ உதவியாளர் படிப்பை நடத்துகிற லூர்தம்மாள் மேடம். கடைசியில் கணினி வாத்தியார் பெவின், இருபத்தெட்டு வயது, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். வடிவு மேஜையில் இல்லை, மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மடிக்கணினியோடு இருந்தாள். கலந்துகொண்டோர் நால்வர் என்று அடித்தாள். எப்போதும் அப்படித்தான், எழுதுகிற ஆளைக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் இல்லை.

இன்றைய விஷயம் பொதுப் பாடங்கள். இந்தக் கல்லூரிக்கு வருவது பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகள், பிளஸ் டூவில் நின்றுபோன பிள்ளைகள், கல்யாணமாகி வருகிற பெண்கள். ஒரு வருஷம் படித்தால் ஏசி மெக்கானிக், மருத்துவ உதவியாளர், தையல் என்று ஒரு தொழிலுக்குச் சான்றிதழ். ஆனால் எந்தத் தொழிலைப் படித்தாலும் கூடவே ஐந்து பொதுப் பாடம் தேறியாக வேண்டும். வாழ்க்கைத் திறன், பேச்சு ஆங்கிலம், கணினி அடிப்படை, சுற்றுச்சூழல், குடிமையியல். ஐந்தில் ஒன்று போனாலும் சான்றிதழ் கிடையாது. "ஊசி போடத் தெரியும், புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும், நாடி பாக்கத் தெரியும், ஆனா நாடாளுமன்றத்துக்கு எத்தனை அவைன்னு தெரியலன்னு அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்புதோம்," என்றார் லூர்தம்மாள் மேடம். அவர் இதை மூன்று கூட்டங்களாகச் சொல்லி வருகிறார். மூன்று முறையும் வடிவு அதை 'உறுப்பினர் ஒருவர் தேர்ச்சி விகிதம் குறித்துக் கவலை தெரிவித்தார்' என்று எழுதினாள். இன்று மட்டும் மேடம் சொன்ன சொல்லிலேயே எழுதலாமா என்று விரல் ஒரு கணம் நின்றது. எழுதவில்லை. கவலை தெரிவித்தார். காந்திமதிநாதன் தலையை ஆட்டி, ஐந்தை மூன்றாக்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். வாழ்க்கைத் திறன் இருக்கட்டும், ஆங்கிலத்தை வேலையிடத்துப் பேச்சு என்று மாற்றலாம், உடல்நலமும் சட்டமும் என்று புதிதாக ஒன்று வைக்கலாம், சுற்றுச்சூழலும் குடிமையியலும் தனிப் பாடமாக வேண்டாம். "கணினி அடிப்படையும் தனிப் பாடமா வேண்டாம். அதை அந்தந்தத் தொழிலுக்குள்ளேயே சொல்லிக்கொடுங்க. நர்ஸ் பிள்ளைக்கு நோயாளி விவரம் ஏத்தத் தெரியணும், மெக்கானிக்குக்கு பில் போடத் தெரியணும். கணினியோட தலைமுறைகளை விளக்குகன்னு கேட்டு என்ன ஆகப்போகுது?"

தலைமுறைகளை விளக்குக. விசையின் மேல் இருந்த அவள் சுண்டுவிரல் தானாக எழுந்து நின்றுகொண்டது. பதினோராவது கேள்வி, பத்து மதிப்பெண். முதல் தலைமுறை வெற்றிடக் குழல், இரண்டாம் தலைமுறை டிரான்சிஸ்டர், மூன்றாவது என்ன, மூன்றாவது என்ன என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் மாடியில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது இங்கே மருத்துவ உதவியாளர் படித்தாள், இருபத்திரண்டு வயது. நாற்பது பேருக்கு இரண்டு கணினி, இரண்டுக்கும் பூப்போட்ட துணி உறை. அப்போதிருந்த வாத்தியார் உறையை எடுத்துக் காட்டுவார், பிறகு போட்டு மூடிவிடுவார். தொட்டா கெட்டுப்போவும் என்பார். வருஷம் பூராவும் அவள் கணினியை நோட்டில் பென்சிலால் வரைந்தாள், பாகங்களைக் குறித்தாள், ஒருநாள்கூடத் தொடவில்லை. மற்ற பாடமெல்லாம் தேறினாள். கணினியில் முப்பத்துமூன்று, நாற்பது வேண்டும். சரி நவம்பரில் எழுதிவிடலாம் என்று நினைத்தாள். நவம்பர் பரீட்சை அன்று காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே இடுப்பில் ஒரு பிடி, பிரசவ வலி, புருஷன் முத்துமாலை லாரி லோடு ஏற்றத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான், பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்தாள், மூன்று மணிக்குப் பரீட்சை முடிகிற நேரத்துக்கு உமையாள் பிறந்தாள். உமையாளுக்கு இப்போது பதின்மூன்று. அவள் செல்போனில் படம் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு என்னென்னவோ செய்கிறாள், எந்தத் தலைமுறை என்று யாரும் கேட்கவில்லை. ஏசி 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி ஓடியது. வடிவு தலையை உதறிக்கொண்டாள். கணினி அடிப்படைப் பாடத்தை நீக்கி, தொழிற்பாடங்களோடு இணைப்பது குறித்து நிபுணர் கருத்துரைத்தார். அடித்தாயிற்று. ஒரு சொல்கூட விடவில்லை.

"அப்ப என் வகுப்பு?" என்றான் பெவின். குரல் கொஞ்சம் மேலே ஏறி உடைந்தது. "உம் வகுப்புதான்லே எல்லா வகுப்புலயும் வரப்போகுது," என்றார் ஞானதுரை சார், "நீ மூணு படிப்புக்கும் போய்ச் சொல்லிக்கொடு, இன்னும் வேலைதான் கூடும்." பெவின் முதுகை நாற்காலியில் சாய்த்தான். பாவம், நல்ல பையன். சேர்ந்த புதிதில் ஐம்பது கடிதத்தில் ஐம்பது பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தான், வடிவுதான் பட்டியலையும் கடிதத்தையும் இணைத்து ஒரே தட்டில் ஐம்பதும் வருவதைக் காட்டிக்கொடுத்தாள். எங்க மேடம் படிச்சீங்க என்றான். இங்கதான் என்றாள். பொய் இல்லை. இங்கேதான் படித்தாள், வாத்தியாரிடம் இல்லை, இயந்திரத்திடம். உமையாளுக்கு இரண்டு வயதானபோது அரியர் எழுத விண்ணப்பம் வாங்க வந்தாள். அலுவலகத்து எழுத்தருக்குக் கால் முறிந்து படுக்கை, அட்மிஷன் நேரம், ஞானதுரை சார் வாசலில் தவித்துக்கொண்டு நின்றார். உன் கையெழுத்து நல்லாருக்குமேம்மா, ரெண்டு நாள் இத எழுதிக்குடேன் என்றார். இரண்டு நாள் கையால் எழுதினாள், மூன்றாம் நாள் எதிரே இருந்த கணினியின் துணி உறையை எடுத்து மடித்து வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. அ எங்கே இருக்கிறது என்று தேடி அழுத்தினாள், திரையில் அ வந்து நின்றது. அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாள் என்று நினைவில்லை. தொட்டாள், கெட்டுப்போகவில்லை. அதற்கப்புறம் அவள் அழிக்காத கோப்பு இல்லை, மீட்காத கோப்பு இல்லை. எழுத்தர் திரும்பி வரவில்லை, அவள் இருந்துவிட்டாள். ஆண்டு விழாவில் ஞானதுரை சார் ஒவ்வொரு தடவையும் அவளை எழுந்து நிற்கச் சொல்லுவார், நம்ம கல்லூரியில படிச்சு நம்ம கல்லூரியிலயே வேல பாக்குது என்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். படிச்சு என்றுதான் சொல்லுவார், பாஸாகி என்று சொன்னதில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் அவள் பதினோரு வருஷம் கைகூப்பி நின்றாள்.

அந்த விண்ணப்பம் நாலாய் மடித்துப் பையிலேயே கிடந்தது. எழுதியிருக்கலாம். சேர்ந்த நாலாவது வாரம் கேள்வித்தாள்கள் தட்டச்சுக்கு வந்தன, சார் உறையை அவள் கையில் கொடுத்து, இந்த ஆபீஸ்ல தமிழ் அடிக்கத் தெரிஞ்சது நீ ஒருத்திதாம்மா, யார்ட்டயும் காட்டிராத என்றார். உறையைப் பிரித்தாள். கணினி அடிப்படை, நேரம் மூன்று மணி. கேள்வியை அடிக்கிறவள் பதில் எழுதப் போகலாமா? இந்தத் தடவை வேண்டாம், அடுத்த தடவை வேறு யாரையாவது அடிக்கச் சொல்லிவிட்டு எழுதலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவையும் உறை அவளிடமே வந்தது. வேற ஆள வையுங்க சார் என்று சொல்ல வேண்டியதுதானே. சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் நான் ஃபெயில் சார் என்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் சொல்லியிருந்தால் ஒரு சொல். இரண்டாம் வருஷம் ஒரு விளக்கம். ஐந்தாம் வருஷத்துக்கு மேல் அதைச் சொல்ல ஒரு நாள் பூராவும் வேண்டும்போல ஆகிவிட்டது. இருபத்திரண்டு தடவை அவள் அந்தக் கேள்வித்தாளை அடித்திருக்கிறாள். இரண்டு முறை கேள்வியில் இருந்த தப்பைத் திருத்தியிருக்கிறாள். பழைய அரியர் உள்ளவர்களுக்கு வருஷம் இரண்டு முறை கடிதம் போவதும் அவள் கையால்தான். முதல் தடவை பட்டியலை இணைத்து ஒரே தட்டில் அச்செடுத்தபோது மற்றவர்களோடு அவள் பெயருக்கும் ஒன்று வந்து விழுந்தது. திருமதி சண்முகவடிவு அவர்களுக்கு, தாங்கள் தேர்ச்சி பெறாத பாடத்தை எழுத வருமாறு கேட்டுக்கொள்கிறோம். தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். முத்துமாலை பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உனக்கு நீயே லெட்டர் போட்டிருக்க, பதிலும் நீயே போட்டுரு," என்று சிரித்தான். அவன் சிரித்தது நல்லதாகப் போயிற்று. அவளும் சிரித்தாள். அடுத்த தடவையிலிருந்து தன் கடிதத்தை மட்டும் அலுவலகத்திலேயே எடுத்துக் கிழித்துப் போட்டாள். பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

இப்போது அந்தப் பாடமே போகப்போகிறது. முதலில் நெஞ்சுக்குள் ஏதோ கும்மாளம் போட்டது. போ, ஒழி, பூப்போட்ட உறையோடு போ. தலைமுறை தலைமுறையாக எத்தனை பிள்ளைகளைக் காவு வாங்கினாய். பாடத்திட்டத்தில் நீ இல்லையென்றால் நான் உன்னில் ஃபெயிலாவது எப்படி? அப்படி நினைத்தபோதே அந்த நினைப்பில் ஏதோ தட்டியது, துணி தைக்கும்போது ஊசி விரலெலும்பில் தட்டுவதுபோல. பாடம் இல்லை, சரி. பாடம் இல்லையென்றால் கேள்வித்தாள் இல்லை. கேள்வித்தாள் இல்லையென்றால் அரியர் பரீட்சை இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் அந்தப் பழைய பாடத்தில் தேறியிருக்க வேண்டும், தேறுவதற்குப் பரீட்சை இல்லை. அவள் திரும்ப முதலிலிருந்து போய்ப் பார்த்தாள், எங்காவது ஒரு கதவு இருக்கும் என்று. இல்லை. புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு நல்ல வழி போடுகிறார்கள், போட்டுவிட்டுப் பழைய வழியில் நிற்கிறவர்களை மறந்து இந்தப் பக்கம் சுவர் எழுப்புகிறார்கள். அறுபத்து மூன்று பேர். கணினி, சுற்றுச்சூழல், குடிமையியல் மூன்றிலும் சேர்த்து அறுபத்து மூன்று, எண்ண வேண்டியதில்லை, மனப்பாடம். சொல்லுவார்கள், இத்தனை வருஷம் இந்த வேலையில் இருக்கிற காந்திமதிநாதனுக்குத் தோன்றாமலா இருக்கும் என்று காத்திருந்தாள். அவர் டீயோடு வந்த வடையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார். லூர்தம்மாள் மேடம் கண்டிப்பாகக் கேட்பார். மேடம் கைப்பைக்குள் போனைத் தேடினார். "அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே? வர்ற கல்வியாண்டுலேர்ந்து அமல். வடிவு, தீர்மானம் மூணா போட்டுக்கோ," என்றார் ஞானதுரை சார். தீர்மானம் மூன்று, அடித்தாள். முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். வைத்தால் அடுத்த விஷயம். பதினோரு வருஷத்தில் கூட்டத்தில் அவள் வாய் திறந்தது சார் டீ வந்துட்டு என்று சொல்ல மட்டும்தான். தண்ணீர் குடித்தாள். நீ யாரு இதச் சொல்ல? சொன்னால் யார் யார் என்று கேட்பார்கள். கேட்கட்டும். இந்த மேஜையில் இது தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்பது ஒரு பக்கம் பயமாகவும் இன்னொரு பக்கம் விறைப்பாகவும் இருந்தது, ஜெயிக்கப்போகிற சீட்டைக் கையில் வைத்திருப்பவளைப்போல.

"சார், பழைய அரியர் இருக்குல்லா," என்றாள். நாலு முகமும் ஸ்டூல் பக்கம் திரும்பின. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "என்ன அரியர்?" என்றார் காந்திமதிநாதன். "இந்த மூணு பாடத்துல ஃபெயிலாகி நிக்கிறவங்க சார். நீங்க பாடத்த எடுத்துட்டா அவங்களுக்குப் பரீட்ச கிடையாது. பரீட்ச இல்லன்னா சான்றிதழ் கிடையாது. காலத்துக்கும் கிடைக்காது." பெவின்தான் முதலில், "அட ஆமா," என்றான். ஞானதுரை சார் கண்ணாடியை மறுபடி கழற்றினார். "எத்தன பேரும்மா இருப்பாங்க?" "அறுபத்து மூணு." "பட்டியல் இருக்கா?" இருக்கிறது. எப்போதும் இருக்கிறது. கோப்பைத் திறந்தாள். வரிசை வரிசையாகப் பெயர்கள், பதிவெண், படிப்பு, பாடம், தொலைபேசி. பதினேழாவது வரிசையில் சண்முகவடிவு. ஒரு தட்டு. அந்த வரிசையை இருட்டாக்கி ஒரு தட்டுத் தட்டினால் கீழே இருப்பது மேலே ஏறிவிடும், பதினெட்டு பதினேழாகும், அறுபத்து மூன்று என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அறுபத்திரண்டுதான் சார் என்றால் போதும். தீர்மானம் எப்படியும் அறுபத்திரண்டு பேருக்கும் வரும், அவள் மட்டும் வெளியே நிற்பாள், பதினோரு வருஷமாக நிற்கிற அதே இடம், பழகின இடம், சான்றிதழ் இல்லாமலே சோறு வேகத்தானே செய்கிறது. விரல் அந்த விசையின் மேல் போய் உட்கார்ந்தது. ஈ உட்காருவதுபோல உட்கார்ந்து எழுந்தது. முத்துமாலை முகம் வந்தது, உமையாள் வந்தாள், ஆண்டு விழாக் கைதட்டல் வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. கடைசியில் அவளைப் பிடித்து நிறுத்தியது நேர்மை என்று சொல்ல முடியாது. தப்பான பட்டியலை அவள் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். அச்சு என்று கட்டளை கொடுத்தாள். மூலையில் பிரிண்டர் முனகிச் சூடாகி முதல் தாளைத் தள்ளியது, இரண்டாவது, மூன்றாவது. தாள்கள் சுடச்சுட இருந்தன. எடுத்துத் தட்டி ஓரம் சேர்த்து லூர்தம்மாள் மேடத்திடம் கொடுத்தாள். அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

மேடம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தார். சுடலைமணி, குடிமையியல். ஏய் இந்தப் பயலா, நல்ல வேலைக்காரன்லா. பேச்சித்தாய், சுற்றுச்சூழல். அய்யோ இவ எம் மாணவி, இப்ப ஆஸ்பத்திரியில தரை துடைக்கா, ஊசி போட விட மாட்டேங்கான்னு அழுதா. ஒவ்வொரு பெயருக்கும் மேடத்திடம் ஒரு வார்த்தை இருந்தது. பதிமூன்று, பதினாலு, பதினைந்து. வடிவு இரண்டு கையையும் விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டாள், பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடிப்பதுபோல. "பதினேழு, சண்முகவடிவு, கணினி. இது யாரு, எம் படிப்புன்னுல்லா போட்டிருக்கு…" மேடம் நிறுத்தினார். மெதுவாகத் தலையைத் தூக்கினார். "நான்தான் மேடம்," என்றாள் வடிவு. ஞானதுரை சார் அவளைப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை, மேஜை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தார். ஆண்டு விழா மேடையில் தான் சொன்னதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் வலித்தது. காந்திமதிநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தக் கேள்வித்தாளெல்லாம் டைப் பண்றது யாரு?" "நான்தான் சார்." "கணினிப் பேப்பரும்?" "ஆமா சார், பதினோரு வருஷமா." "நீங்களே தேறாத பாடத்துக்கு நீங்களே கேள்வித்தாள் டைப் பண்ணீங்களா? பதினோரு வருஷமா?" கேள்வி சரியான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் கேட்பாள். பதிலுக்காக அவள் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை, அது அங்கேயே இருந்தது.

"அதனாலதான் சார் நான் எழுதல," என்றாள். "கேள்விய டைப் பண்ணுதவ எழுதக் கூடாதுல்லா."

காந்திமதிநாதன் தாளை லூர்தம்மாள் மேடத்திடமிருந்து வாங்கி, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை விரலை ஓட்டினார். ஞானதுரை சார் மெல்ல, "சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். "சொல்லியிருக்கலாம் சார். முதல் வருஷம் சொல்லியிருக்கணும்," என்றாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு நாள் பூராவும் வேண்டும் என்று பயந்துகொண்டிருந்த விஷயம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டதில் அவளுக்கே ஆச்சரியம். எல்லாருக்கும் தேர்ச்சின்னு போட்டுருவோம் என்றார் லூர்தம்மாள் மேடம். அப்படியெல்லாம் சும்மா போட முடியாதும்மா, பல்கலைக்கழகம் ஒத்துக்காது, ஏதாவது ஒரு மதிப்பீடு வேணும் என்றார் காந்திமதிநாதன். எழுத்துப் பரீட்சைன்னா திரும்பவும் ஃபெயிலாவான் என்றார் மேடம். இரண்டு பேரும் மாறி மாறிப் பேச, வடிவு கேட்டுக்கொண்டே இருந்தவள், குறிப்பெழுதுகிற ஆள் என்பதையே மறந்து, "எழுத வேண்டாம் சார்," என்றாள். "ஒரு நாள் வரச்சொல்லுவோம். கணினிக்கு ஒரு மணி நேரம் மிஷின் முன்னால உக்கார வையுங்க, ஒரு கடிதம் அடிக்கச் சொல்லுங்க, ஒரு பட்டியல் போடச் சொல்லுங்க. மத்த ரெண்டுக்கும் நேர்ல தமிழ்ல வாய்க்கேள்வியாக் கேளுங்க. தெரியுதான்னு தெரிஞ்சிரும்." காந்திமதிநாதன் தலையைச் சாய்த்தார். "செய்யலாம். ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும். தேர்வாளர் வெளியிலேர்ந்து வரட்டும்." "வடிவு மேடத்துக்கு நான் எப்படி சார் டெஸ்ட் வைக்கது," என்று பெவின் பதறினான், "எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்." "நீங்க வைக்க வேண்டாம், அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி நான் வாரேன்," என்றார் காந்திமதிநாதன். பிறகு வடிவிடம் திரும்பி, சிரிக்காமல், "அந்தக் கேள்வித்தாளை மட்டும் வேற யாராவது டைப் பண்ணட்டும்," என்றார். "பெவின் பண்ணுவான் சார். இணைக்கத் தெரியும்," என்றாள். இப்போது ஞானதுரை சார் சிரித்தார், அந்தச் சிரிப்பில் இன்னும் ஒரு சின்னக் காயம் இருந்தது, அது ஆற நாளாகும், ஆகட்டும். "நாலாவது தீர்மானமா போடும்மா. முன்மொழிந்தவர்னு உன் பேரப் போடு." முன்மொழிந்தவர் என்று அடித்துவிட்டு அடுத்ததை அடிக்க விரல் கொஞ்சம் தடுமாறியது. பத்தாயிரம் பேருடைய பெயரை அடித்த விரல் தன் பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டது. திரும்பப் போய் வைத்தாள். மேலே போய், கலந்துகொண்டோர் நால்வர் என்பதை ஐவர் என்று மாற்றினாள். யாரிடமும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போனபிறகு மணி நாலேகால். ஏசியை அணைத்ததும் வெக்கை ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது, வேர்க்கட்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மனசு, நாளை என்று வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினாள். போன் ஆறாவது முறை மணி அடித்தபோது எடுத்தான். பின்னால் சுவரைத் துளைக்கிற இயந்திரத்தின் இரைச்சல்.

"சுடலைமணியா? காலேஜ் ஆபீஸ்லேர்ந்து வடிவு பேசுதேன்."

"சொல்லுங்க மேடம், ஏணியில நிக்கேன். ஏசி மாட்டிட்டிருக்கேன்."

சொன்னாள். பாடம் போய்விட்டதையும், பரீட்சை இல்லை என்பதையும், ஒரு நாள் வந்து பேசினால் போதும் என்பதையும் நிதானமாக, அவன் ஏணியில் நிற்கிறான் என்பதை நினைவில் வைத்துச் சொன்னாள். இரைச்சல் நின்றது.

"இனிமே அத வச்சி என்ன மேடம் செய்ய? கையில தொழில் இருக்கு. ஒம்பது வருஷம் ஆச்சு."

"இருக்கட்டும். ஒரு நாளுதான்."

"வெக்கமா இருக்கும் மேடம். சின்னப் பிள்ளைங்க நடுவுல போயி, குடிமையியல்ல ஃபெயிலானவன்னு நிக்கணும்லா."

"நானும் நிப்பேன்."

"நீங்க நிப்பீங்க, நீங்கதான் ஆபீஸ்."

"அதுக்கில்ல சுடலைமணி. நானும் பட்டியல்ல இருக்கேன். பதினேழாவது பேரு. கம்ப்யூட்டர்ல ஃபெயில்."

ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம் கேட்டது. இறங்கி நின்றுகொண்டு, "நெசமாவா மேடம்?" என்றான்.

"நெசமாத்தான்."

"எந்தத் தேதி?"

"அடுத்த மாசம் பதினெட்டு, சனிக்கிழம. காலைல பத்து மணி."

"இருங்க மேடம், பென்சில் இருக்கு, செவத்துல எழுதிக்கிடுதேன்." காரையில் பென்சில் உரசுவது அவளுக்குக் கேட்டது. "வேற ஆளு வீட்டுச் செவரு. வெள்ளையடிக்கிறதுக்குள்ள பரீட்சைய வச்சிருங்க."